ஒரு சொல்லும் பல வாயில்களும்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

காலையில் நாம் வரும் பேருந்து ரயில்வே கேட்டில் நின்றுவிட்டால் முதல் மணி வகுப்பு போயிற்று. இறங்கி ஓடி வந்தால் கல்லூரி மெயின் கேட்டில் அடையாள அட்டை கேட்கிறார்கள். உள்ளே அறிவிப்புப் பலகையில் ‘கேட்’ தேர்வு பற்றி ஒரு தாள். வகுப்பில் நுழைந்தால் கரும்பலகையில் ‘ஆண்ட் கேட்’. மாலையில் மைதானத்திலோ, மட்டைக்கும் காலுக்கும் நடுவே பந்து புகுந்து ஸ்டம்பு சாய்ந்ததும் ‘கேட் வழியாகப் போய்விட்டது’ என்று ஒரு கூக்குரல். ஒரே நாளில் ஒரு சொல் இத்தனை வேடம் போடுகிறது. இதைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தச் சொல்லால் நான் ஒரு முறை அழுததும் உண்டு. அதனால்தான் இக்கட்டுரை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். இரண்டாம் ஆண்டில் ஓர் உள்தேர்வு. புல விளைவு டிரான்சிஸ்டரில் ‘கேட்’ என்பதன் பணி யாது என்பது ஐந்து மதிப்பெண் வினா. கையடக்க அகராதியில் அச்சொல்லுக்கு நேரே ‘வாயில், கதவு’ என்று இருந்ததை நான் மனப்பாடம் செய்திருந்தேன். வாயில் என்றால் உள்ளே நுழையும் இடம்தானே? ஆகவே, ‘எலெக்ட்ரான்கள் கேட் வழியாக உள்ளே நுழைகின்றன’ என்று தெளிவாக, அழகான கையெழுத்தில் எழுதினேன். கிடைத்தது சுழி. உண்மையில் எலெக்ட்ரான்கள் ‘சோர்ஸ்’ என்னும் முனையில் புகுந்து ‘டிரெய்ன்’ என்னும் முனையில் வெளியேறுகின்றன. கேட்டின் வழியே அவை போவதே இல்லை. ‘மாஸ்ஃபெட்’ வகையில் கேட்டுக்கும் பாதைக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத மெல்லிய ஆக்சைடு படலமே இருக்கிறது. கேட்டில் கொடுக்கும் மின்னழுத்தம் ஓட்டத்தைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். அவ்வளவுதான். நான் பாடத்தைப் படிக்காமல் தவறு செய்யவில்லை. அகராதியை நம்பித் தவறு செய்தேன்.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுடன் வாய்க்காலுக்குச் சென்றேன். மதகில் ஷட்டரின் திருகைச் சுற்றிப் பலகையை உயர்த்தினார்கள். தண்ணீர் பாய்ந்தது. இறக்கினார்கள், நின்றது. சட்டென்று எனக்கு விளங்கிற்று. ஆங்கிலத்தில் இந்த ஷட்டருக்கும் கேட் என்றுதானே பெயர்! தண்ணீர் பிறக்கும் இடம் சோர்ஸ், வடியும் இடம் டிரெய்ன், நடுவில் ஓட்டத்தை ஆளும் மதகுப் பலகை கேட். மூன்றும் நீரோடு பழகிய சொற்கள். பாய்ச்சல் நிலத்தில் பிறந்த எனக்கு அவை அந்நியமே அல்ல. அகராதி எனக்கு வீட்டுக் கதவைக் காட்டியது. காட்டியிருக்க வேண்டியது எங்கள் வாய்க்கால் மதகை.

கணிப்பொறியின் ‘ஆண்ட்’ கேட்டும் இப்படித்தான். ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு மதகுகள் இருந்தால் இரண்டும் திறந்தால்தான் வயலுக்குத் தண்ணீர் வரும். அது ‘ஆண்ட்’. இரண்டு வாய்க்கால்கள் தனித்தனியே வந்து ஒரே வயலில் சேர்ந்தால் ஏதேனும் ஒரு மதகு திறந்தாலே போதும். அது ‘ஆர்’. ஜார்ஜ் பூல் 1854இல் நூலாக வெளியிட்ட சிந்தனைக் கணிதத்தை, கிளாட் ஷானன் 1937இல் தம் ஆய்வேட்டில் மின்சுற்றுகளோடு பொருத்திக் காட்டினார். அந்தப் பெரிய செய்தியை ஒரு வாய்க்கால் கரையில் நின்று விளங்கிக்கொள்ள முடிகிறது என்றால், தடையாக இருப்பது நம் அறிவா, சொல்லா?

‘ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா? ஆங்கிலமே குழப்பமான மொழி’ என்று சில நண்பர்கள் கூறுவர். ‘ஆங்கிலத்தின் வளமே வளம், தமிழில் இது வருமா?’ என்று வேறு சிலர் கூறுவர். இரண்டும் பொருந்தா. நம் ‘வாயில்’ என்ற சொல்லையே பாருங்கள். அது வீட்டின் நுழைவு. ‘கடிதம் வாயிலாக’ என்னும்போது வழி. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது செல்லும் பாணன் முதலியோரும் வாயில்கள். கண், காது முதலிய ஐம்பொறிகளும் வாயில்கள். திரிந்து ‘வாசல்’ ஆனபின், நம் வீட்டுப் பெண்கள் தெளித்துக் கோலமிடும் முன்றிலும் அதுவே. இவற்றை நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஏன்? சொல்லை அதன் இடத்தில் வைத்துக் கற்றோம், பட்டியலில் வைத்துக் கற்கவில்லை.

இடத்தை மறந்தால் ஆங்கிலேயனும் ஏமாறுவான். இங்கிலாந்தின் யார்க் நகரில் தெருப் பெயர்கள் பலவும் ‘கேட்’ என்று முடியும். அங்கே அதற்குத் தெரு என்றே பொருள், வட நாட்டார் மொழியிலிருந்து வந்தது. அந்நகரின் கோட்டை வாயில்களுக்கோ ‘பார்’ என்று பெயர்! ‘வாட்டர்கேட் ஊழல்’ என்று முதலில் கேட்டபோது ஏதோ மதகு கட்டியதில் பணம் தின்றார்கள் என்றே நான் நினைத்தேன். அது வாஷிங்டனில் ஒரு கட்டிடத்தின் பெயர். 1972இல் அங்கிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்தவர்கள் பிடிபட்டதில் தொடங்கி, 1974இல் அதிபர் நிக்சன் பதவி விலகியதில் முடிந்தது. அன்று முதல் எந்த ஊழலுக்கும் வாலாகக் ‘கேட்’ ஒட்டிக்கொண்டது.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள் இது. புதிய கலைச்சொல் வரும்போது, அது எங்கிருந்து வந்தது, இங்கே என்ன வேலை செய்கிறது என்று இரண்டே நிமிடம் தமிழில் சொல்லுங்கள். விடைத்தாளில் ‘தவறு’ என்று கோடிடும்போது, அது அறியாமையால் வந்ததா, சொல்லால் வந்ததா என்றும் ஒரு கணம் பாருங்கள். துறைதோறும் மாணவர்களே கூடி ஒரு சொற்கையேடு தயாரிக்கலாம். சொல்லுக்கு எதிரே ஒற்றைச் சொல் எழுதாமல், ஒரு வாக்கியமும் ஒரு படமும் இருக்கட்டும். முதல் பக்கத்தை எழுதித்தர நான் ஆயத்தம்.

மாணவ நண்பர்களே, அன்று வகுப்பிலேயே எழுந்து ‘ஐயா, கேட் என்றால் இங்கே என்ன?’ என்று நான் கேட்டிருந்தால் அந்தச் சுழி வந்திராது. சிரிப்பார்களோ என்று வாய் மூடி இருந்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனும் அப்படித்தான் மூடி இருந்தான். அவன் இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டான். இன்று கடைவீதியில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். கல்லூரியின் இரும்புக் கேட் நமக்குத் திறந்தேதான் இருக்கிறது. அதைத் திறந்துவைக்க முன்னோர் பட்ட பாடு பெரிது. வகுப்பறைக்குள் இருக்கும் இந்தச் சொற்கதவுகளையும் திறக்க வேண்டும். அதற்கு நாம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.