பகிடிப் படம்தானே?

எங்கள் வீட்டில் ஜேம்ஸ் பொண்ட் படம் பார்ப்பதென்றால் ரிமோட் வாப்பாவின் கையில்தான் இருக்கும். ஒரு மாதிரியான காட்சி வரப்போகிறது என்பது அவருக்கு இசையிலேயே தெரிந்துவிடும். உடனே படம் விறுவிறென்று முன்னால் ஓடும். இதனால் இந்தப் படங்களில் பெண்கள் மிகக் குறைவு என்றே பல வருடங்களாக நினைத்திருந்தேன். அவர்கள் வருகிற இடங்களில் பாதி ஓடிப்போன பகுதிக்குள் இருந்தது பிறகுதான் விளங்கியது.

அப்படி ஓடாமல் தப்பியவர் 'மூன்ரேக்கர்' படத்தில் வரும் விஞ்ஞானி ஹொலி. அந்தப் படம் 1979 இல் வந்தது. அமெரிக்காவின் விண்ணோடம் முதன்முதலில் விண்வெளிக்குப் போனது 1981 இல். ஒரு பெண் அதில் விமானியாக அமர்ந்தது 1995 இல். இந்தப் படத்திலோ அதற்கெல்லாம் முன்பே ஹொலி விண்ணோடத்தை ஓட்டுகிறார், பொண்ட் பக்கத்தில் இருக்கிறார்! அந்த ஒரு காட்சிக்காகவே அந்தப் படத்தை மூன்று தரம் பார்த்திருக்கிறேன்.

ரொஜர் மூர் நடித்த காலத்துப் படங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. கார் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறும். இரும்புப் பல் வைத்த ஏழடி மனிதன் எங்கிருந்து விழுந்தாலும் உடுப்பைத் தட்டிவிட்டு எழும்புவான். உலகத்தையே அழிக்கப் போகிற வில்லன், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் பொண்டைச் சுடாமல் தன் திட்டத்தை ஆறுதலாக விளக்கிக்கொண்டிருப்பான். நம்பும்படி ஒன்றுமில்லை. நம்பச் சொல்லி அந்தப் படங்கள் கேட்பதும் இல்லை. பரீட்சைக்குப் படித்து மூளை களைத்துப்போன இரவில் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' படத்தின் தொடக்கத்தில் ஒருவர் பனிச்சறுக்கிக்கொண்டு வந்து மலையுச்சியிலிருந்து பாய்ந்து பரசூட்டை விரிப்பார். கனடாவில் ஒரு சாகசக் கலைஞர் உண்மையாகவே பாய்ந்த பாய்ச்சல் அது. இவ்வளவு பொய்க்கு நடுவே அப்படி ஒரு மெய்யும் இருக்கிறது.

ஆனால் பகிடி எல்லார் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை.

1983 இல் வந்த 'ஒக்டோபசி' இந்தியாவின் உதய்பூரில் எடுக்கப்பட்டது. அதில் ஒரு முச்சக்கரவண்டித் துரத்தல் வரும். டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் பொண்டின் உதவியாளராக வந்து, துரத்துகிறவர்களை ரக்கெட்டால் அடிப்பார். தெருவில் நிற்கும் சனம் டென்னிஸ் போட்டி பார்ப்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதே தெருவில் வாள் விழுங்குகிறவரும் ஆணிப் படுக்கைக்காரரும் இருப்பார்கள். மரக்கறி வாங்க வந்த சாதாரண மனிதர் ஒருவர் கண்ணில் படுவது கஷ்டம். சூதில் வென்ற காசில் ஒரு கட்டைத் தன்னோடு வேலை செய்யும் இந்தியரிடம் கொடுத்து, சில கிழமைகளுக்குக் கறிக்குப் போதும் என்கிறார் பொண்ட். நாங்களும் கறி சாப்பிடுகிற ஆட்கள்தான். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன பெருநாள் விடுமுறையில் சாச்சா வீட்டில் எல்லாரும் சேர்ந்து 'ட்ரூ லைஸ்' பார்த்தோம். ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நேகர் உளவாளியாக வரும் 1994 ஆம் ஆண்டுப் படம். அணுகுண்டு வைத்திருக்கும் அஸீஸ் என்பவன் கமராவுக்கு முன்னால் நின்று ஆவேசமாக மிரட்டிக்கொண்டிருக்கும்போது கமராவின் பட்டரி தீர்ந்துவிடும். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசியில் அஸீஸ் ஏவுகணையில் கொழுவுப்பட, அவனையும் சேர்த்து ஏவிவிடுவார் கதாநாயகன். பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். திரும்பி வரும் வழியில் என் ஒன்பது வயதுத் தம்பி கேட்டான்.

"தாத்தா, அந்தாளு முஸ்லிமா?"

"ஓம், கதையில அப்படித்தான்."

"அப்ப ஏன் நாங்க கை தட்டின?"

எனக்குப் பதில் வரவில்லை. வாப்பாதான், "பகிடிப் படம்தானே மகன்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி நானும் வாப்பாவும் நெடுநேரம் வாதாடினோம். 'மூன்ரேக்கர்' வில்லனும் மனித இனத்தையே அழிக்கப் பார்க்கிறான், அதைப் பார்த்து எந்த வெள்ளைக்காரனாவது கவலைப்பட்டானா என்று கேட்டார் வாப்பா. நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் படத்தில் வெள்ளைக்காரன்தான் கதாநாயகன், விஞ்ஞானி, அமைச்சர் எல்லாம். ஆகவே வில்லனுடைய குற்றம் அவனுடையதாகவே நின்றுவிடுகிறது. அஸீஸுடைய பக்கத்தில் அப்படி யார் நிற்கிறார்? நல்லவர்களின் குழுவில் பைசல் என்று ஒருவர் இருக்கிறார், ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அவர் ஞாபகத்தில் இல்லை. படம் வந்த காலத்திலேயே அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒருநாள், பஸ் நிறைய ஆட்கள் இருக்க, உம்மாவின் கைப்பையை மட்டும் திறந்து காட்டச் சொன்னார்கள். அப்போது நான் சின்னப் பிள்ளை. கேட்டவர்கள் எந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தார்களோ தெரியாது.

அஸீஸாக நடித்த ஆர்ட் மாலிக் பாகிஸ்தானில் பிறந்த நடிகர். அவரை அதற்கு முன்பே எனக்குத் தெரியும். 1987 இல் வந்த 'தி லிவிங் டேலைட்ஸ்' என்ற பொண்ட் படத்தில் அவர்தான் கம்ரான் ஷா. ஒக்ஸ்போர்டில் படித்த ஆப்கான் போராளி, சோவியத் படைக்கு எதிராகப் பொண்டோடு தோளோடு தோள் நிற்பவர். 1989 இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியது. 1991 இல் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. 1994 இல் அதே முகம், அதே தாடி, ஆனால் ஏவுகணையில் தொங்குகிறது. முஸ்லிம் நல்லவனா கெட்டவனா என்பதை எங்கேயோ நடக்கிற அரசியல் முடிவு செய்கிறது.

இதற்காகப் பிள்ளைகளை இந்தப் படங்களைப் பார்க்க விடாதீர்கள் என்று பெற்றோரிடம் நான் சொல்ல வரவில்லை. சொன்னால் முதலில் நான்தான் மாட்டிக்கொள்வேன். தம்பி கேட்டது போன்ற கேள்வியை, பகிடி என்று சொல்லி மூடிவிட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு அந்த 1987 ஆம் ஆண்டுப் படத்தைப் போட்டோம். முடிவில் வியன்னாவின் இசை அரங்குக்குக் கம்ரான் ஷா தன் ஆட்களோடு, துவக்கும் தாடியுமாகப் பிந்தி வந்து சேருவார். தம்பி வயிறு குலுங்கச் சிரித்தான். வாப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகள், இவர்தானே அந்த அஸீஸ்?"

என் பதிலுக்குக் காத்திராமல் ரிமோட்டை எடுத்து, கம்ரான் ஷாவின் முகம் வரும் வரைக்கும் படத்தைப் பின்னால் ஓடவிட்டார்.