பேட்டரிதானே சார், ஷாக் அடிக்காது!

பதிவு கொஞ்சம் நீளம். போன வாரம் என் பக்கத்தில் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். பார்க்காதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பழைய மாணவர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும்) வீட்டிலேயே ஒரு 'டாக்' செய்து படம் போட்டிருந்தார். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. அந்த எண்களை ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மின்னலையாக மாற்றுகிற சின்ன போர்டுக்குத்தான் அந்தப் பெயர். பி.சி.எம். 5102ஏ என்ற சிப் வைத்த ஊதா நிற போர்டு, ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரிப்பு, நல்ல சிப். வேலையும் சுத்தமாக இருந்தது. மனதாரப் பாராட்டினேன்.

என் கண்ணில் பட்டது பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டப்பா. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த நான்கு லித்தியம் செல்கள். நான்கையும் பக்க இணைப்பில் சேர்த்து, செல்லின் தலையிலேயே நேரடியாக ஈயம் வைத்திருக்கிறார். அதற்குக் குறுக்கே 10,000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் மூன்று. ஃப்யூஸ் என்று ஒன்று எங்குமே இல்லை. டப்பா இருக்கும் இடம் கட்டிலின் தலைமாட்டு அலமாரி. அந்தக் கட்டிலில் படுப்பது அவருடைய சின்ன மகள்.

"ஃப்யூஸ் எங்கே தம்பி?" என்று கேட்டேன். வந்த பதிலைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். "சார் இன்னும் டார்ச் லைட் காலத்துலயே இருக்கார்" என்று ஒரு கருத்து வேறு. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு மின்சுற்றுப் பாடம் நடத்தியது நான்தான் என்பதால் பதில் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது.

ஷாக் அடிக்காது என்பது சரி. 4 வோல்ட் நம் உலர்ந்த தோலைத் தாண்டி ஒன்றும் செய்துவிடாது. ஆனால் நான் ஷாக்கைப் பற்றிக் கேட்கவே இல்லையே! நான் கேட்டது தீயைப் பற்றி. வோல்ட் குறைவாக இருப்பது கைக்குப் பாதுகாப்பு. கம்பிக்கும் டப்பாவுக்கும் மெத்தைக்கும் அது எந்தப் பாதுகாப்பும் தராது. அங்கே பார்க்க வேண்டியது எத்தனை ஆம்பியர் ஓட முடியும் என்பதை.

டார்ச் லைட் காலத்துக்கே வருகிறேன். அந்தத் துத்தநாக-கார்பன் செல்லுக்கு அக மின்தடை அதிகம். இரண்டு முனையையும் கம்பியால் சேர்த்தால் சில ஆம்பியர் ஓடும், கம்பி சுடும், செல் சோர்ந்து போகும். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையில் அதை தைரியமாகக் கொடுத்தோம். லேப்டாப் செல் வேறு சாதி. 18650 என்று அதற்குப் பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். அதன் அக மின்தடை 50 மில்லி ஓம் என்று வையுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். ஓம் விதி யாருக்கும் மறந்திருக்காது: 4.2 வகுத்தல் 0.05, விடை 84 ஆம்பியர். நான்கு செல் பக்க இணைப்பில் 336 ஆம்பியர். கம்பியும் ஈயமும் கொஞ்சம் தடுக்கும் என்பீர்கள். சரி, பாதியாக்குங்கள், அதையும் பாதியாக்குங்கள். அப்போதும் 84. வீட்டு மெயின் போர்டில் இருக்கும் எம்.சி.பி. பல வீடுகளில் 32 ஆம்பியர்தான். அதைவிட இரண்டரை மடங்கு மின்னோட்டம் தரக்கூடிய ஒன்றை, தடுக்க ஆளே இல்லாமல், தலைமாட்டில் வைத்திருக்கிறோம்.

"ஷார்ட் ஏன் சார் ஆகப்போகுது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த செல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பு முழுக்க, அந்த உலோகக் குழாய் மொத்தமுமே, எதிர்முனை. நேர்முனை என்பது தலையில் இருக்கும் சின்னப் பொத்தான் மட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையம், மேலே பிளாஸ்டிக் உறை, அவ்வளவுதான். லேப்டாப் பேட்டரியைத் திருப்புளியால் நெம்பும்போது அந்த உறை கிழிவது சர்வ சாதாரணம். மேலே ஈயம் வைத்தால் அந்தச் சூடு வளையத்தையும் உள்ளே இரு தகடுகளைப் பிரித்து வைக்கும் மெல்லிய ஏட்டையும் கெடுக்கும். தொழிற்சாலையில் நிக்கல் பட்டையை நொடிக்கும் குறைவான நேரத்தில் ஸ்பாட் வெல்டிங் செய்வது இதற்காகத்தான். நமக்கு அந்த மெஷின் இல்லையென்றால் செல் ஹோல்டர் இருக்கிறது. அதுவும் கடையில் கிடைப்பதுதான்.

லேப்டாப் பேட்டரிக்குள் ஒரு பச்சை போர்டு இருந்ததே, அதை என்ன செய்தீர்கள்? "தேவையில்லைன்னு தூக்கிப் போட்டுட்டேன் சார்." அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல், அளவுக்குக் கீழே இறங்காமல், ஷார்ட் ஆனால் துண்டிக்கும்படி காவலுக்கு இருந்தது அந்த போர்டுதான். அந்த செல்களுக்குள்ளேயும் பெரும்பாலும் சில காவல்கள் உண்டு, ஆனால் அவை மட்டும் போதாது. தயாரிப்பவர்கள் பணம் அதிகமாகி அந்த போர்டை வைக்கவில்லை. அத்தனை காவல் இருந்தும் 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களின் லித்தியம் பேட்டரி கருகி, உலகம் முழுக்க அந்த வகை விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள். 2016-இல் சாம்சங் தன் நோட் 7 போன்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நாம் சோப்பு டப்பாவில் செய்வது அவர்களுடையதைவிடப் பாதுகாப்பாக இருக்குமா?

இன்னொன்று. நான்கு பழைய செல்களும் ஒரே அளவு சார்ஜில் இருந்தனவா என்று யாராவது பார்த்தீர்களா? ஒன்றில் 4.1 வோல்ட், பக்கத்தில் இருப்பதில் 3.3 வோல்ட் என்றால், இணைத்த நொடியில் 0.8 வோல்ட் வித்தியாசம். இரண்டின் அக மின்தடையும் சேர்த்து 0.1 ஓம். 8 ஆம்பியர் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும். அதிலும் இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போய்ப் பல மாதம் கிடந்த செல்லுக்குள் தாமிரம் கரைந்திருக்கும். அதற்கு மறுபடி சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி உண்டு. அந்த ஷார்ட்டை வெளியே வைக்கும் எந்த ஃப்யூஸும் தடுக்காது.

"பத்து மாசமா ஓடுது, ஒண்ணும் ஆகலை" என்கிறார். தண்டவாளத்தில் நடந்து வந்தவன் ரயிலே வரவில்லை என்று சொல்வது போலத்தான் இருக்கிறது.

சரி, இத்தனை ஆபத்தை எதற்காகத் தலையில் ஏற்றிக்கொண்டார்? அந்தச் சிப்புக்கு எவ்வளவு தேவை? ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர். நான்கு செல்லும் சேர்ந்து 10,000 மில்லி ஆம்பியர் மணி. வகுத்துப் பாருங்கள்: 250 மணி நேரம். பத்து நாள் கண் மூடாமல் பாட்டுக் கேட்கப் போகிறீர்களா தம்பி? கடையில் விற்கும் டபுள் ஏ அளவு நிக்கல் ரீசார்ஜபிள் செல் நான்கு, 2000 மில்லி ஆம்பியர் மணி கொண்டது, தொடரிணைப்பில் போட்டால் 50 மணி நேரம் வரும். அது லித்தியம் போலத் தீப்பற்றும் திரவம் கொண்டதும் இல்லை, உள்ளே இருப்பது நீரில் கரைத்த காரம். ஆனால் ஷார்ட் ஆனால் அதுவும் பல ஆம்பியரைக் கக்கும், ஆகவே அதற்கும் ஃப்யூஸ் வேண்டும்.

இப்போது கெப்பாசிட்டர். இதில்தான் வீடியோக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் அதிகம். "பெரிய கெப்பாசிட்டர் போடுங்க, பாஸ் இறங்கி அடிக்கும்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பெரிய கெப்பாசிட்டர் எங்கே வேண்டும்? கரண்டில் ஓடும் ஆம்ப்ளிஃபையரில். அங்கே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கினால் நொடிக்கு 100 மேடு, 100 பள்ளம். பள்ளத்தை நிரப்பத் தொட்டி வேண்டும். பேட்டரியில் ஏது பள்ளம்? 10,000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டருக்கு 100 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு 0.16 ஓம். அந்த நான்கு லித்தியம் செல்லின் தடை ஏற்கெனவே அதைவிடக் குறைவு! கிணற்றின் ஓரத்தில் குடம் வைத்துக் காப்பது போல.

சிப்புக்கு உண்மையில் வேண்டியது 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர், அரிசி மணி அளவு, சிப்பின் காலுக்கு அருகிலேயே. பேட்டரியிலிருந்து வரும் நீளமான கம்பி வேகமான மாற்றங்களுக்கு ஈடு கொடுக்காது. அந்த வேலையை இந்தச் சின்னது செய்யும். ஊதா போர்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. வீடியோவில் அழகாகத் தெரியாது, அதனால் யாரும் காட்டுவதில்லை.

காலியாக இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஸ்விட்ச் போட்ட கணத்தில் ஷார்ட்டுக்குச் சமம். "ஸ்விட்ச் போடும்போது சின்னதா ஒரு பொறி வருது சார்" என்று அவரே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பொறியிலும் ஸ்விட்சின் உள் முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அணைக்க முடியாது. டான்டலம் வகை கெப்பாசிட்டரை இப்படித் தடையில்லாத பேட்டரியின் குறுக்கே போட்டால், அது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் சுபாவம் உள்ளது. அதில் இன்னொரு பொறி: சாதாரண அலுமினிய கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் எதிர்முனை, டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் நேர்முனை. பழக்கதோஷத்தில் மாற்றி வைத்தவர்கள் ஏராளம்.

பேட்டரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயர் தெரியாத மலிவு அடாப்டரில் 230 வோல்ட்டுக்கும் நம் போர்டுக்கும் நடுவே என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பேட்டரியில் அந்தப் பயம் இல்லை. இரைச்சலும் குறைவு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்மவர் அந்த டாக்கை இணைத்திருப்பது அடாப்டரில் ஓடும் ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டரோடு. இரண்டின் கிரவுண்டும் ஒரே கம்பி. அடாப்டரின் இரைச்சல் அந்தக் கம்பி வழியாகச் சௌக்கியமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். முன் வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை. பாதிப் பலனுக்காக முழு ஆபத்து!

என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு: நான்கு நிக்கல் செல், ஹோல்டரில். நேர்முனையை விட்டு வெளியே வந்ததும், ஸ்விட்சுக்கும் முன்னால், 250 மில்லி ஆம்பியர் மெதுவாக உருகும் கண்ணாடி ஃப்யூஸ். கம்பி எவ்வளவு தூரம் போனாலும் ஃப்யூஸ் செல்லின் அருகில்தான் இருக்க வேண்டும். காப்பது அந்தக் கம்பியைத்தான். ஸ்விட்சுக்கு அப்புறம் 10 ஓம் ரெசிஸ்டர். 40 மில்லி ஆம்பியரில் அது விழுங்குவது 0.4 வோல்ட், அதைத் தாங்கலாம். ஆனால் கால் வாட் ரெசிஸ்டர் போட்டுவிடாதீர்கள். பின்னால் எங்காவது ஷார்ட் ஆனால், சார்ஜ் ஏறிய நான்கு செல்லின் 5.6 வோல்ட்டுக்கு, ஃப்யூஸ் உருகும் வரை அதில் 3 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போடுங்கள். அதற்குப் பிறகு 1000 மைக்ரோஃபேரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று போதும், அதுவும் மன ஆறுதலுக்கு. அங்கிருந்து போர்டின் 5 வோல்ட் முனைக்கு. போர்டிலேயே 3.3 வோல்ட் ரெகுலேட்டர் இருக்கிறது. அதைத் தாண்டிச் சிப்புக்கு நேரடியாக லித்தியம் செல்லைக் கொடுக்காதீர்கள். சிப் தாங்கும் உச்சம் 3.9 வோல்ட், நிறைந்த செல் 4.2. இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் வோல்ட்டையும் முனைகளையும் ஒருமுறை பாருங்கள்.

லித்தியம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், நல்ல கடையில் புதிய செல் ஒன்றே ஒன்று, காவல் சுற்று உள்ளதாக வாங்குங்கள். ஒன்றின் 3.7 வோல்ட் அந்த ரெகுலேட்டருக்குப் பற்றாது என்பதால் நடுவே வோல்ட்டை ஏற்றும் சின்ன போர்டு ஒன்று வைக்க வேண்டிவரும், அது தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கும். வேலை மிச்சமா என்று நீங்களே பாருங்கள். சார்ஜ் ஏறும்போது பாட்டுக் கேட்கவே வேண்டாம். அந்தச் சின்ன சார்ஜர் போர்டுகள், ஓடும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிறுத்தும்படி செய்யப்பட்டவை. டாக்கும் அதிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தால் எப்போது நிறைந்தது என்று அதற்குக் கணக்குத் தப்பும். இரவில், ஆள் தூங்கும் அறையில் சார்ஜ் போடவே கூடாது.

சின்ன அத்தை இதுவரை படித்திருந்தால், இது கொடைக்கானல் டூர் பதிவு இல்லை என்று புரிந்திருக்கும். இருந்தாலும் ஒரு இதயக் குறி போட்டுவிடுவார்.

நம்மவருக்கு: உங்கள் கோபம் புரிகிறது. பத்து பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம், தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று உங்கள் அண்ணன் போன் செய்து சொன்னார். தனியாகச் சொன்னால் ஒருவர் கேட்பார். அந்தப் படத்தைப் பார்த்து "நானும் செய்யப் போகிறேன்" என்று எழுதிய நான்கு பேருக்கு யார் சொல்வது? நான்கு பேரும் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். டப்பாவை இன்றைக்கே தலைமாட்டிலிருந்து எடுத்து, வீட்டுக்கு வெளியே, எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். கெப்பாசிட்டரைக் கழற்றும் முன் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றால் அதைக் காலி செய்யுங்கள், திருப்புளியால் பொறி பறக்க வைக்க வேண்டாம். செல்களைப் பிரிக்கும்போது ஒரு கம்பியை வெட்டி, அதன் முனையில் டேப் ஒட்டிய பிறகே அடுத்த கம்பி. கத்தரியால் இரண்டையும் சேர்த்து வெட்டினால் கத்தரியே ஷார்ட்.

அந்தச் செல்களைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் அங்கே ஒரு தூய்மைப் பணியாளர் நிற்கிறார். முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. உங்கள் ஊரில் எங்கே வாங்குகிறார்கள் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், பதிவில் சேர்த்துவிடுகிறேன்.