கலியாணப் பத்திரிகையும் கைப்பேசியும்

மார்கழி கழிந்து தை பிறந்தால் நம் ஊரில் கலியாணப் பத்திரிகைகளுக்குக் குறைவிராது. முன்னர் மஞ்சள் தடவிய உறையில் வெற்றிலை பாக்குடன் வீடு தேடி வந்த பத்திரிகை, இக்காலத்தில் வாட்ஸ்அப் வழியே வந்து சேருகின்றது. அம்மாறுதலைக் குறைகூற நாம் புகவில்லை. ஆயினும், 2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஹிமாசலப் பிரதேசத்துப் போலீஸார் விடுத்த எச்சரிக்கை நம்மவர் யாவரும் அறியத் தக்கது. பத்திரிகை என்னும் பெயரால் வரும் கோப்புக்கள் சில பத்திரிகைகளே அல்லவென்பதும், கைப்பேசியினுட் புகுந்து அதிலுள்ளவற்றைக் கவரும் செயலிகள் என்பதும் அதன் சாரம்.

இவ்வஞ்சகம் நிகழும் வகையைக் கூறுவோம். படமும் எழுத்தும் திறந்த அளவிற் கண்ணுக்குப் புலனாவன. 'ஏபிகே' என்று பெயர் முடியும் கோப்போ அங்ஙனமன்று. அதனைத் தொட்டவுடன், அறியாத இடத்திலிருந்து வந்த செயலியை நிறுவலாமோ என்று கைப்பேசியே வினவும். அதற்கு இசைந்து, குறுஞ்செய்திகளைப் படிக்கவும் இடங்கொடுத்துவிட்டால், பாங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் கள்வன் கையை அடைந்துவிடும்.

முன்பின் அறியாதார் அனுப்பியதைத் திறவாதீர் என்று பலரும் உபதேசிக்கின்றனர். அது போதாதென்பதே நமது கருத்து. ஒருவருடைய வாட்ஸ்அப் கணக்கு கள்வர் வசமானபின், அக்கோப்பு அவர் பெயராலேயே உற்றார்க்கெல்லாம் செல்லும். தாய்மாமன் அனுப்பிய பத்திரிகையை யார்தாம் ஐயுறுவர்? ஆதலின், அனுப்பினவர் யாரென்பதை விட வந்தது யாதென்பதைப் பார்த்தலே தக்கது. பத்திரிகை படித்தற்குரியது, நிறுவுதற்குரியதன்று. நிறுவச் சொல்லும் பத்திரிகை வருமாயின், அனுப்பினவரைக் கூப்பிட்டு அவர் வாய்மொழியாகவே கேட்டறிக.

கூகிள் கம்பெனியாரின் பிளே ஸ்டோரையே முழுக் காவலென நம்பியிருப்பாரும் உளர். கண்ட இடத்தினும் அது மேலானதுதான். எனினும், 'ஜோக்கர்' எனப்படும் ஒரே வஞ்சகக் கூட்டத்தைச் சேர்ந்த 1,700 செயலிகளை அங்கிருந்து நீக்கியதாக 2020 ஜனவரியில் அக்கம்பெனியாரே தெரிவித்தனர்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்குத் தனிப்பொறுப்பு ஒன்றும் உண்டு. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் யாத்ரீகருட் பலர், தங்குமிடம் முதலியவற்றைக் கைப்பேசியிலேயே தேடுகின்றனர். திருப்பதி தேவஸ்தானத்தின் பெயரைப் பூண்ட போலி இணையத்தளங்கள் பலவற்றின்மீது 2023-ஆம் ஆண்டில் போலீஸார் வழக்குப் பதிந்தனர். நம் ஊர்ப் பெயரால் அவ்வாறு நிகழாதென்று பிணை நிற்பார் யார்? வெளியூரார்க்கு ராஜகோபுரத்திற்கு வழிகாட்டும் மாணவர், கோயிலின் மெய்யான தளம் இன்னதென்றும் காட்டலாமே.

பணம் இழந்தார் பலர் நாணத்தால் வாய்திறப்பதில்லை. வீட்டார் ஏசுவரென்னும் அச்சமும் அவர்க்குண்டு. இதுவே கள்வனுக்குப் பெருந்துணை. இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து 1930 என்னும் எண்ணுக்கும் பாங்கிக்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்கு மாறி மறையுமுன் அதனைத் தடுக்க முயல்வதற்கே அவ்வெண் ஏற்பட்டது. பாங்கிக்குத் தெரிவித்தபின் நேரும் நஷ்டம் பாங்கியையே சாருமென 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட சுற்றறிக்கை கூறிற்று. ஏமாந்த தந்தையை இடித்துரைத்து ஒரு நாழிகையைக் கழிக்கும் பிள்ளை, அந்நாழிகைக்குள் கணக்கில் எஞ்சிய பணத்தையும் கள்வனுக்கே விட்டுக்கொடுக்கின்றான்.