மையத்தை மூட மனு கொடுத்தவர்களுக்கு



வட சென்னையில் நம் பகுதி ஊசி மாற்று மையத்தை மூடச் சொல்லிப் போன வாரம் மனு கொடுத்திருக்கிறீர்கள். அதே வாரம், புது ஊசிகளோடு போன களப்பணியாளர் ஒருவர் அடையாள அட்டையைக் காட்டிய பிறகும் 'போதை விற்கிறவன்' என்று சட்டையைப் பிடித்து இழுக்கப்பட்டார். அவர் பையிலிருந்த சிரிஞ்சுகள் சாக்கடைக்குப் போயின. மையம் இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். ஊசிப் போதையிலிருந்து மீண்டவர்கள், இன்னும் மீளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள், அவர்களுடைய மனைவிமார் எல்லோரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

'இலவசமா ஊசி கொடுத்தா பசங்க கெடத்தானே செய்வாங்க?' என்கிறீர்கள். மையம் வருவதற்கு முன்பே அவர்கள் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து, நாலு பேருக்கு ஒரே சிரிஞ்ச். பாக்கெட் தண்ணீரில் ஒரு தடவை அலசிவிட்டு அடுத்தவன் கையில் கொடுப்பான். ஊசிக்குள் தங்கும் துளி ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, எச்.ஐ.வி. தொற்ற அது போதும். கல்லீரலை அழிக்கும் ஹெபடைடிஸ் சி கிருமியோ பழைய சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும்.

நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு அரசின் கணக்கே சாட்சி. நாட்டில் ஊசி வழியே போதை ஏற்றுவோர் சுமார் 8.5 லட்சம் பேர் என்றது எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வின் 2019 அறிக்கை. 2021 கண்காணிப்புக் கணக்கெடுப்பில் இவர்களில் 9.03 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பொதுமக்களில் இது ஆயிரத்துக்கு இரண்டு பேர்தான். மணிப்பூரில் 1990 வாக்கில், ஒரே ஆண்டுக்குள் ஊசி போடுவோரில் பாதிப்பேரைத் தொற்று பிடித்தது. ஊசி போடும் ஒருவருக்கு ஆண்டுக்கு 300 புது ஊசி கிடைக்க வேண்டும் என்று 2030க்கு இலக்கு வைத்திருக்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமோ, இருக்கிற ஊசியையும் சாக்கடையில் கொட்டுகிறோம்.

இது அந்தப் பையன்களோடு நிற்கிற நோயும் அல்ல. மாத்திரையைக் கையால் தொட்டறியாத பெண், கர்ப்ப காலப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனை போய் அங்கே முதல்முறையாகத் தனக்குக் கணவனிடமிருந்து தொற்று வந்திருப்பதைத் தெரிந்துகொள்கிறாள். எங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். களப்பணியாளரின் பையில் ஊசியோடு ஆணுறையும் இருப்பது இதற்காகத்தான். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இந்தப் பெண்களிடம் வந்து பேசட்டும்.

மைதானத்தில் ஊசி கிடக்கிறது என்பது உங்கள் புகார். நியாயமான பயம்தான். ஆனால் சுவரோரத்திலும் கழிப்பறைக்குப் பின்னாலும் கிடப்பவற்றை இடுக்கியால் பொறுக்கி, மூடி போட்ட டப்பாவில் சேர்ப்பது அந்த மையத்துப் பிள்ளைகள்தான். நாளைக்கு அவர்கள் இல்லையென்றால் யார் பொறுக்குவது? எங்களில் ஊசியை விட்டவர்கள் பலரும் முதலில் புது ஊசி வாங்கத்தான் அந்தப் படி ஏறினோம். அங்கிருந்துதான் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கும், நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்பின் மாத்திரைச் சிகிச்சைக்கும் அனுப்பப்பட்டோம்.

காவல் துறையினருக்கும் ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவைப் படியுங்கள். அரசு வழிகாட்டுதலின்படி தொற்றைத் தடுக்கச் செய்யும் பணி குற்றமாகாது, அதைத் தடுக்கவும் கூடாது என்கிறது அது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்த வலி நிவாரணி மாத்திரைகளை விற்பவர்களுக்கு எதிராக இதுவரை ஒரு மனுவாவது கொடுத்தோமா? விற்கிறவனை விட்டுவிட்டு, சாகாமல் காப்பாற்றுகிறவனைத் துரத்துகிறோம்.

மனுவைத் திரும்பப் பெறுங்கள். வீட்டுக்காரரிடம் நீங்களே வந்து பேசுங்கள். பிடிவாதமாக மூட வைத்தால், அதன்பிறகு இந்தத் தெருக்களில் வரும் ஒவ்வொரு புதுத் தொற்றுக்கும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஊசி போடுகிறான் என்று சந்தேகம் இருந்தால் அடித்து விரட்டாதீர்கள். 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள், பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.