கண் கூசாத ஒளி

விடிகாலையில் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் நின்றால், ஒரகடம் பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்களைக் காணலாம். ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்த இளைஞர்கள் பலர் அவற்றில் செல்கிறார்கள். நாளை உங்களில் சிலரும் செல்லலாம். கார் உற்பத்தியிலும் மின்னணுப் பொருள் உற்பத்தியிலும் இன்று பரவலாகப் புழங்கும் ஒரு கருவி, பிசினை இறுக்கும் புற ஊதா விளக்கு. முகப்பு விளக்கின் பிளாஸ்டிக் மூடியில் கீறல் விழாமல் காக்கும் பூச்சையும், செல்பேசியின் நுண்ணிய பாகங்களை ஒட்டும் பசையையும் அது சில நொடிகளில் கெட்டியாக்கிவிடும்.

இது ஈரம் உலர்வது போன்றதன்று. பிசினில் அக்ரிலேட் போன்ற சிறு மூலக்கூறுகளும், அவற்றோடு சிறிதளவு ஒளித்தூண்டியும் உள்ளன. 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 3.4 எலக்ட்ரான் வோல்ட். அதை உறிஞ்சிய ஒளித்தூண்டி உடைந்து தனி உறுப்புகளாகிறது. அவை அக்ரிலேட்டைப் பற்ற, அது அடுத்ததைப் பற்ற, சங்கிலி வளர்ந்து வலையாகிறது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியின் ஃபோட்டானுக்கு 1.9 எலக்ட்ரான் வோல்ட்தான் உண்டு. அதை நாளெல்லாம் பாய்ச்சினாலும் இந்தப் பிசின் இறுகாது.

பிசினின் பிணைப்பை மாற்றும் இந்த ஒளி நம் கண்ணுக்கு என்ன செய்யும்? இங்கேதான் நம் புலன் நம்மை ஏமாற்றுகிறது. 365 நானோமீட்டர் விளக்கு மங்கிய ஊதா நிறமாகத்தான் தெரியும். உண்மையான வெளிச்சத்தில் பெரும்பகுதி நமக்குத் தெரிவதேயில்லை. வெல்டிங் பொறியைப் பார்த்தால் கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இங்கே அந்த எச்சரிக்கை இல்லை. 315 நானோமீட்டருக்குக் குறைந்த கதிர்கள் கருவிழிப் படலத்தைப் புண்ணாக்கும். வலியோ சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல வரும். நீள அலைகள் அதையும் கடந்து கண் வில்லையை அடைகின்றன.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35-ஆம் பிரிவில், மிகை ஒளியால் கண்ணுக்கு வரும் கேட்டைக் கருதித் திரைக்கும் கண்ணாடிக்கும் வழிசெய்திருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் "மிகை ஒளி" என்றதும் நாம் நினைப்பது பளீரென்று அடிப்பதை மட்டுமே. "கண்ணாடி அணிக" என்று பொதுப்படையாக எழுதிய பலகையும் போதாது என்பது என் கருத்து. எந்தக் கண்ணாடி? சாதாரணக் கண்ணாடி 365 நானோமீட்டர் கதிரைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். பாலிகார்பனேட் அதைத் தடுத்துவிடும். ஆனால் 405 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு என்றால் அதுவும் போதாது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கண்ணாடி வேண்டும். கடைத்தெருவில் வாங்கிய மலிவான கறுப்புக் கண்ணாடி இன்னும் மோசம். அது புற ஊதாவைத் தடுக்காவிட்டால், இருட்டில் விரிந்த கண்மணி வழியே அதிகக் கதிர் நுழையும். ஆகவே பலகையில் அலைநீளத்தை எண்ணால் எழுதவேண்டும்.

விளக்கைப் பேய் போல அஞ்சவும் வேண்டாம். கதவைத் திறந்தால் தானே அணையும் மூடிய எந்திரத்தால் ஆபத்து குறைவு. கையில் பிடிக்கும் விளக்கும், பழுது பார்க்கத் திறந்துவைத்த எந்திரமுமே கவலைக்குரியவை. இறுகாத பிசினையும் மறக்கக்கூடாது. அது தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நீங்காது. கையுறை அவசியம். பட்டுவிட்டால் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். அது பிசினைத் தோலுக்குள் கொண்டுசெல்லும். சோப்பும் தண்ணீரும் போதும்.

வேலைக்குச் சேரும் முதல் நாளே, "இந்த விளக்கு எத்தனை நானோமீட்டர்?" என்று கேளுங்கள். மேற்பார்வையாளருக்குத் தெரியாவிட்டால், விளக்கோடு வந்த குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள்.