போத்தலின் சட்டையும் உள்ளே இருக்கும் சரக்கும்



பண்டிகை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் முறுக்குத் தகரமும் நெய்யுருண்டைத் தட்டும் வலம் வரும். பார்க்க வருகிற நண்பர்களின் கையில் சில வேளை ஒரு போத்தலும் வரும். முன்பெல்லாம் அது பீர் போத்தலாக இருக்கும். இப்போது பட்டணத்து வீடுகளில் சிவப்பு ஒயினும் எட்டிப் பார்க்கிறது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

“என்ன ஐயா இது, குடும்பப் பத்திரிகையில் குடியைப் பற்றிய பேச்சா?” என்று தாய்மார்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளிப்பதில் நியாயம் உண்டு. கள்ளுக்கடை நம் தோட்டங்களில் எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்பதை நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பளக் கோரிக்கையோடு அவர்கள் வைத்த இன்னொரு கோரிக்கை, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. போர் முடிந்த பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்களும் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றார்கள். ஆகவே, குடிக்காத வீட்டுக்குள் குடியைக் கொண்டுவந்து வைக்க நான் வரவில்லை. நான் சொல்ல வருவது நாக்கைப் பற்றி. அந்த நாக்கை ஏமாற்றுகிற கண்ணைப் பற்றி. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழைய நண்பர்கள் ஐந்து பேர் கிள்ளானில் ஒரு நண்பரின் வீட்டில் கூடினோம். ஐவரும் ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். இன்று வீட்டுக்கார நண்பர் ஆசிரியர். ஒருவர் மருந்தகத்தில் வேலை செய்கிறார். ஒருவர் சிங்கப்பூரில் பொறியியலாளர். நான் இப்படி எழுதிப் பிழைக்கிறேன். ஒருவர் மட்டும் தோட்டத்தை விட்டு வரவே இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் அங்கேயே இருக்கிறார்.

“ஆளுக்கொரு சிவப்பு ஒயின் கொண்டு வாருங்கள், சுவைத்துப் பார்த்து மார்க் போடுவோம்” என்றது சிங்கப்பூர் நண்பரின் யோசனை. அவர் கொண்டு வந்தது 320 வெள்ளிப் போத்தல். அதை மேசை நடுவில் வைத்து, அதன் பெருமையைக் கால்மணி நேரம் சொன்னார். தோட்டத்து நண்பர் பேரங்காடியில் 45 வெள்ளிக்கு ஒன்று வாங்கியிருந்தார். மேசையில் இருந்த போத்தல்களைப் பார்த்ததும், தம்முடைய பிளாஸ்டிக் பையைச் சப்பாத்து அடுக்கின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, “நான் ஒண்ணும் கொண்டாரலப்பா, மறந்துட்டேன்” என்றார்.

அதைக் கண்டுகொண்டவர் நண்பரின் மனைவி. நாங்கள் எல்லோரும் ‘அண்ணி’ என்று அழைப்போம். அண்ணி ஒரு சொட்டும் குடிக்காதவர். ஒன்றும் பேசாமல் அந்தப் பையை எடுத்தார். மேசையில் இருந்த மற்றப் போத்தல்களையும் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போய், எல்லாவற்றையும் பழைய நாளிதழில் சுற்றி, மேலே எண் எழுதிக் கொண்டுவந்தார். “நானும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மொத்தம் ஆறு. நீங்கள் நாக்கால் குடிக்கிறீர்களா, கண்ணால் குடிக்கிறீர்களா பார்ப்போம்” என்றார்.

சுவைத்து மார்க் போடும் முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். நான்கு பகுதியாகப் பார்க்க வேண்டும். முதலில் கண்: குவளையை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்து நிறத்தையும் தெளிவையும் பார்ப்பது. அடுத்து மூக்கு: குவளையை மெல்லச் சுழற்றி மோந்து பார்ப்பது. மூன்றாவது வாய்: ஒரு சிறு மிடறை நாக்கெங்கும் உருட்டி, இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றையும் எடை போடுவது. கடைசியில், இவையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றனவா என்று பார்ப்பது. மொத்தம் 20 மார்க். தொழிலாகச் செய்பவர்கள் விழுங்குவதில்லை. பக்கத்தில் ஒரு பாத்திரம் வைத்துத் துப்பிவிடுவார்கள். விழுங்கிக்கொண்டே போனால் நான்காவது குவளையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்!

துவர்ப்பு என்றதும் பயப்பட வேண்டாம். கெட்டியாகக் காய்ச்சிய ‘தே ஓ’வைக் குடித்தால் நாக்கு ஒட்டுமே, அதே துவர்ப்புத்தான். திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமில்லாதது. சிவப்பு ஒயினைத் தோலோடும் விதையோடும் புளிக்க வைக்கிறார்கள். நிறம் தோலிலிருந்து வருகிறது. துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருந்தே வருகிறது. இன்னொன்று: ஒயினை ‘அறையின் சூட்டில்’ பரிமாற வேண்டும் என்பது குளிர் நாட்டுப் பேச்சு. நம் ஊர் அறையின் சூடு வேறு. அரை மணி நேரம் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால்தான் சுவை சரியாகத் தெரியும்.

ஆளாளுக்கு ஒரு தாளில் எழுதினோம். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். பிறகு அவரே கூட்டிப் பார்த்து முடிவைச் சொன்னார். முதலிடம் மருந்தகத்து நண்பரின் 80 வெள்ளிப் போத்தலுக்கு. இரண்டாமிடம், சப்பாத்து அடுக்கின் பக்கத்தில் கிடந்த 45 வெள்ளிப் போத்தலுக்கு. 320 வெள்ளிக்காரர் நான்காவது.

அதோடு விடவில்லை அண்ணி. ஆறாவது போத்தல் என்று ஒன்று கிடையவே கிடையாதாம்! சிங்கப்பூர் ஒயினில் பாதியைக் காலிப் போத்தலில் ஊற்றி, இரண்டாம் எண்ணிலும் ஐந்தாம் எண்ணிலும் வைத்திருக்கிறார். அதைக் கொண்டு வந்தவரே ஒன்றுக்கு 16 போட்டார். மற்றதற்கு 10 போட்டு, ‘மலிவுச் சரக்கு’ என்று பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார். நான் போட்டது 12-ம் 15-ம். இரண்டுக்கும் ஒரே மார்க் போட்டவர் தோட்டத்து நண்பர் ஒருவர்தான். இரண்டுக்கும் 13.

“எப்படியப்பா?” என்று கேட்டோம். “ஸ்டோர்ல ஷீட் பிரிச்ச பழக்கம்தான்லா. யாரு வெட்டின பாலுன்னா கேட்போம்? வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்ப்போம்” என்றார். அவ்வளவுதான். சிங்கப்பூர் நண்பர் எழுந்து போய் அவர் தோளைக் கட்டிக்கொண்டு, அந்த 45 வெள்ளிப் போத்தலில் மிச்சமிருந்ததைத் தமக்கு ஊற்றிக்கொண்டார்.

ஐந்து பேரின் விளையாட்டு இது என்று தள்ளிவிடாதீர்கள். இதே விளையாட்டு ஒருமுறை உலகத்தையே திடுக்கிட வைத்திருக்கிறது. பிரான்சின் போர்டோ வட்டாரத்து ஒயின்களுக்கு 1855-ஆம் ஆண்டிலேயே ஐந்து தரம் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். பெரும்பாலும் சந்தை விலையை வைத்துப் போட்ட பட்டியல் அது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அது கல்வெட்டுப்போல் நின்றது. 1973-இல் மூத்தோன் ரோத்ஸ்சில்டு என்ற ஒயினை இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏற்றியதே பெரிய செய்தியாயிற்று.

அப்படியிருக்க, பாரிசில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் 1976 மே 24-ஆம் தேதி ஒரு சுவைப் போட்டி நடத்தினார். நடுவர்களாக ஒன்பது பிரெஞ்சு வல்லுநர்கள். சிவப்பு ஒயினில் பத்து: நான்கு போர்டோ, ஆறு அமெரிக்காவின் கலிபோர்னியா. யாருக்கும் லேபிள் தெரியாது. கண், மூக்கு, வாய், பொருத்தம் என்று 20-க்கு மார்க் போட்டார்கள். முதலிடம் எதற்கு என்கிறீர்கள்? ஸ்டேக்ஸ் லீப் என்ற கலிபோர்னியா ஒயினுக்கு! 1973-ஆம் ஆண்டு அறுவடை. அந்தக் கொடிகள் நட்டே மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. 1970-ஆம் ஆண்டு மூத்தோன் இரண்டாமிடம். வெள்ளை ஒயினிலும் கலிபோர்னியாவே வென்றது. நடுவர்களில் ஓர் அம்மையார் தம் மார்க் தாளைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார், ஸ்பரியர் கொடுக்கவில்லை. அந்தக் கூடத்தில் இருந்த ஒரே நிருபர் ‘டைம்’ பத்திரிகைக்காரர். அவர் எழுதப் போய் உலகத்துக்குத் தெரிந்தது. “பிரெஞ்சு ஒயின் நாள்பட நாள்படத்தான் சிறக்கும்” என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். 30 ஆண்டு கழித்து, 2006-இல் அதே சிவப்பு ஒயின்களைத் திரும்பவும் சுவைத்துப் பார்த்தார்கள். முதல் ஐந்து இடமும் கலிபோர்னியாவுக்கே போயின.

வல்லுநர் நாக்கு மட்டும் ஏமாறாதா என்றால், அதுவும் ஏமாறும். போர்டோவில் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2001-இல் வெளிவந்தது. சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் மணங்களையே அவர்கள் எழுதினார்கள். 2008-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஒரே ஒயினைப் பத்து டாலர் என்று சொல்லி ஒருமுறையும் 90 டாலர் என்று சொல்லி ஒருமுறையும் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அதிகம் ருசித்ததாம். அண்ணி செய்த வேலையையும் கலிபோர்னியாவின் பெரிய போட்டி ஒன்றில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒரே போத்தலிலிருந்து மூன்று குவளை. ஏறக்குறைய ஒரே மாதிரி மார்க் போட்ட நடுவர்கள் பத்தில் ஒருவர்தான். எங்கள் தோட்டத்து நண்பர் அந்தப் பத்தில் ஒருவர்!

வாசகர்களே, இந்தப் பாடம் நமக்குப் புதிதா? ரப்பர் ஷீட்டை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்தவர்கள் நம் மக்கள். கண் பார்வையை மட்டும் நம்பினால் போதாது என்று, 1965-இல் நம் நாட்டில் எஸ்.எம்.ஆர். என்ற தர முறையைக் கொண்டுவந்தார்கள். ரப்பரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதைச் சோதனைச் சாலையில் அளந்து தரம் சொல்லும் முறை அது. ரப்பருக்குக் கொடுத்த அந்த நியாயத்தை மனிதருக்கு நாம் கொடுக்கிறோமா?

“எந்தத் தோட்டம்? அப்பா என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் மார்க்கைக் குறைக்கிற பழக்கம் வெளியாரிடம் மட்டும் இல்லை. பட்டணத்துக்குக் குடிபோன நம்மிடமும் இருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போதும், பிள்ளைக்கு வேலை கொடுக்கும்போதும் லேபிளைத்தான் படிக்கிறோம். அதைவிடக் கொடுமை, நம்மை நாமே மலிவுச் சரக்கு என்று எண்ணிக்கொள்வது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று 1941-இல் போராடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். பள்ளித் தோழன் வீட்டில் ஒருவர் தம் பையைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒளித்து வைக்கும்படி நாம் நடந்துகொள்ளலாமா? அந்தக் கால்மணி நேரப் பெருமையை நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. விலையையும் பெயரையும் மறைத்துச் சுவைக்கலாம். எங்கே செய்தது என்று தெரியாத போத்தலை மட்டும் தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் நஞ்சு கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயிற்றுப் பிழைப்புக்காக வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. ‘ஒயின் உடம்புக்கு நல்லது’ என்று யாரும் கதை அளந்தால் நம்பாதீர்கள்.

சோதனை செய்து பார்க்க ஒயினே வேண்டியதில்லை. தேயிலை போதும். கடையில் நான்கு விலையில் நான்கு தூள் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தூள், ஒரே அளவு வெந்நீர், ஒரே நேரம். பாலும் சீனியும் வேண்டாம். ஒன்றை மட்டும் இரண்டு குவளையில் ஊற்றி, குவளையின் அடியில் எண் எழுதுங்கள். வீட்டில் எல்லோரையும் பேசாமல் மார்க் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் எதற்குக் கூடுதல் காசு கொடுத்தோம் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அப்படியே, அடுத்த விடுமுறைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற நண்பர் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அவர் முகத்தைப் பார்த்து, “வாங்க, உள்ளே வாங்க” என்று சொல்லுங்கள்.