திறப்பு யார் கையில்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எம்மைக் காண வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் பேருந்திற் செல்லும்பொழுது அவருடைய கைத்தொலைபேசி களவு போய்விட்டது. தொலைபேசி போனதையிட்டு அவர் பெரிதும் கவலைப்படவில்லை. ரொறன்ரோவிலிருக்கும் மகன் வேறொன்று வாங்கப் பணம் அனுப்பிவிட்டார். அவரை வாட்டியது வேறொரு சங்கதி. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், பேரப்பிள்ளைகளின் படங்கள் ஆகிய யாவற்றுக்குமுரிய கடவுச்சொற்களை அந்தத் தொலைபேசியே நினைவில் வைத்திருந்தது. அவற்றைத் திருப்பித் தருவதற்குப் புதிய தொலைபேசி கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. அதுவோ களவுபோன தொலைபேசிக்குள் இருந்தது. மீட்பதற்கென அனுப்பப்பட்ட இரகசிய இலக்கமும் களவுபோன சிம் அட்டைக்கே போய்ச் சேர்ந்தது. திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான்!

அரசியல் வார ஏட்டில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் இருப்பார்கள். தன் உடைமையின் திறப்பைத் தானே வைத்திருக்கும் உரிமையைப் பற்றிப் பேசாத அரசியல் வேறெதைப் பற்றிப் பேசப் போகிறது? இன்று ஒருவனுடைய பணமும் கடிதமும் அவனுடைய பெயருங்கூடச் சில எழுத்துகளாலான ஒரு பூட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தப் பூட்டை எங்கே வாங்குவது, திறப்பை எவரிடம் கொடுப்பது என்பதைச் சிந்தியாமலே நாம் வாழ்ந்து வருகிறோம்.

நம்மவரிற் பெரும்பாலார் கையாளும் முறை ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்துக்கும் வைப்பது. அதுவும் பிள்ளையின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து! 2009இல் ரொக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தின் களஞ்சியம் உடைக்கப்பட்டு 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் வெளியே வந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456 என்பது. திருடன் ஓரிடத்திற் களவாடிய சொல்லை மற்ற ஆயிரம் இடங்களிலும் இயந்திரத்தைக் கொண்டு பரீட்சித்துப் பார்க்கிறான். எங்கோ ஒரு விளையாட்டுத் தளத்திற் கொடுத்த சொல், வங்கியின் கதவையும் திறந்துவிடுகிறது.

இதற்குப் பரிகாரமாக வந்ததே பாஸ்வேர்ட் மனேஜர் எனப்படும் கடவுச்சொற் பெட்டகம். ஒவ்வோர் இடத்துக்கும் ஊகிக்கவொண்ணாத நீண்ட சொல்லை அது தானே ஆக்கித் தானே வைத்திருக்கும். நாம் நினைவில் வைக்கவேண்டியது பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைச் சொல் ஒன்றை மட்டுமே. நன்கு அமைந்த பெட்டகம் உள்ளேயிருப்பவற்றை நம் கருவியிலேயே மறைகுறியாக்கிய பின்னர்தான் நிறுவனத்துக்கு அனுப்பும். எனவே நிறுவனத்தாராலும் அதைப் படிக்கவியலாது. இன்னுமொரு பயன் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. வங்கியின் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் அமைத்து ஏமாற்றுவோர் நம் கண்ணை மயக்கலாம். முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் பெட்டகத்தை மயக்குவது கடினம். முகவரி மாறினால் அது சொல்லை நிரப்பாது வாளாவிருந்துவிடும்.

“எல்லாவற்றையும் ஒரே பெட்டியிற் போட்டால், பெட்டியையே கொண்டுபோய்விட்டால் என் செய்வது?” இக்கேள்வி நியாயமானது. கொண்டுபோகவும் செய்தார்கள். லாஸ்ட்பாஸ் என்னும் பேர்பெற்ற நிறுவனத்துக்குள் 2022 ஓகஸ்டில் திருடர் புகுந்தனர். பின்னர் அதன் பொறியியலாளர் ஒருவரின் வீட்டுக் கணனி வழியாக நுழைந்து, வாடிக்கையாளரின் பெட்டகப் பிரதிகளையே அள்ளிச் சென்றனர். இதை நிறுவனம் திசெம்பர் மாதத்தில், நத்தாருக்குச் சில நாட்களின் முன் ஒப்புக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைகுறியாக இருந்தன. ஆயின் எந்தெந்தத் தளத்துக்குரியவை என்னும் முகவரிகள் வெளிப்படையாகவே கிடந்தன. நீண்ட, வலிய முதன்மைச் சொல்லை வைத்திருந்தவனின் பெட்டகத்தைத் திருடன் கையில் வைத்தும் திறக்க முடியாமல் நிற்பான். மெலிந்த சொல்லை வைத்தவனுக்கோ, பல்லாண்டுகளாகப் பழைய மெலிந்த அமைப்பிலேயே விடப்பட்டிருந்தவனுக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டகம் வேண்டாம் என்பதற்கு நாம் இதைச் சான்றாகக் கொள்ளவில்லை. நிறுவனத்தின் விளம்பரத்தை நம்பித் தெரிவு செய்யலாகாது என்பதற்கே சான்றாகக் கொள்கிறோம்.

தெரிவு என்று வந்தால் பலரும் முதலிற் கேட்பது விலை. எம்மைக் கேட்டால், விட்டுப்போகும் வழி உண்டா என்பதையே முதலிற் கேட்கவேண்டும். அதே லாஸ்ட்பாஸ், 2021 மார்ச்சில் இலவச வாடிக்கையாளரை நோக்கி, “கணனியா, கைத்தொலைபேசியா, ஒன்றைத் தெரிந்துகொள்” என்றது. மைக்ரோசொப்ட் தனது ஒதென்டிகேற்றர் செயலியில் மக்கள் சேர்த்து வைத்திருந்த கடவுச்சொற்களை 2025 ஓகஸ்டுக்குப் பின் அங்கே காணவியலாது என்று கூறி, தனது எட்ஜ் உலாவிக்கு வரச்சொன்னது. டாஷ்லேன் 2025 செப்ரெம்பரில் இலவசத் திட்டத்தையே மூடிவிட்டது. வீட்டுக்காரன் எந்நேரமும் வாடகையை உயர்த்தலாம், வீட்டையும் இடிக்கலாம். குடியிருப்பவன் தன் சாமான்களோடு வெளியேறும் உரிமையையாவது முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டாமா?

நமது வீடுகளில் ஒரே இனக் கருவிகள் இருப்பதில்லை. தந்தையின் கையில் அன்ட்ரொயிட். கந்தோரில் விண்டோஸ் கணனி. வெளிநாட்டு அண்ணன் கொடுத்துவிட்டுப் போன பழைய ஐபோன் தங்கையிடம். அப்பிள் நிறுவனம் 2024இல் கடவுச்சொற்களுக்கெனத் தனிச் செயலி வெளியிட்டது. அழகாகவும் பத்திரமாகவும் இருக்கிறது. ஆனால் அன்ட்ரொயிட்டில் அதற்கு இடமில்லை. கூகிளின் பெட்டகம் குரோம் உலாவியோடு எல்லாக் கருவிக்கும் வரும். அங்கே உமது மின்னஞ்சலும் கடவுச்சொற்களும் ஒரே கணக்கின் பூட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. அவ்வொன்று மூடப்பட்டால் எல்லாம் மூடப்படும்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வன்பாஸ்வேர்ட் முதலிய நல்ல பெட்டகங்கள் டொலரிற் சந்தா கேட்பவை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐ எட்டியதை இந்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். திறப்புக்கும் டொலரில் வாடகை கொடுப்பதானால் அடுத்த நெருக்கடியையும் எண்ணிப் பார்த்தே இறங்கவேண்டும்.

ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு எமது தெரிவு பிட்வோர்டன். அதன் நிரற்றொடரை எவரும் திறந்து படிக்கலாம். இலவசமாகவே எத்தனை கருவியிலும் வைத்துக்கொள்ளலாம். உள்ளேயுள்ளவற்றை ஒரு கோப்பாக வெளியே எடுத்து மறுநாளே வேறிடம் போகலாம். எந்த நிறுவனத்தையும் நம்பமாட்டேன் என்னும் வைராக்கியம் உள்ளவர்களுக்கு 2003இற் பிறந்த கீபாஸ் இருக்கிறது. அதில் எல்லாம் ஒரே கோப்பு. நிறுவனமும் இல்லை, சந்தாவும் இல்லை. ஆனால் அந்தக் கோப்பைத் தொலைபேசிக்கும் கணனிக்கும் இடையே கொண்டுதிரிவது உமது பொறுப்பு. ஈரிடத்தில் ஈரிடமாகத் திருத்திவிட்டு எது புதியது என்று தலையைச் சொறிந்தவர்களை அறிவோம். நாமும் அவர்களில் ஒருவர்தாம்.

வெளியே எடுக்கும் கோப்பைப் பற்றி எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். வழக்கமாக அது பூட்டில்லாத வெறும் எழுத்தாகவே வரும். வேலை முடிந்தவுடன் அழித்துவிட வேண்டும். கொமியூனிகேசன் கடைக் கணனியில் அதைச் செய்யவே கூடாது.

முதன்மைச் சொல்லுக்கு ஒன்றோடொன்று தொடர்பற்ற நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வைக்கலாம். மாதந்தோறும் மாற்று என்று அதிகாரம் செய்யும் கந்தோர்கள் இன்னும் உள. அமெரிக்காவின் தேசிய நியம நிறுவனமே 2017இல், காரணமின்றி மாற்றச் சொல்லவேண்டாம் என்று எழுதிவிட்டது. அந்தச் சொல்லைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஆம், காகிதத்தில்தான்! நிறுவனத்தாருக்கே தெரியாத சொல்லை மறந்தால் அவர்களால் மீட்டுத் தரவியலாது. இணையத் திருடனோ உமது அலுமாரியைத் திறக்க வரப்போவதில்லை.

மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் அதே காகிதத்தில் எழுதவேண்டும் என்பதை அழுத்திக் கூறுகிறோம். காரணம் உண்டு. வேறு இரண்டாம் பூட்டு இடாதவர் புதிய கருவியிலிருந்து பிட்வோர்டனுக்குள் நுழையும்பொழுது, 2025 முதல் அது மின்னஞ்சலுக்கு ஓர் இலக்கத்தை அனுப்பிக் கேட்கிறது. மின்னஞ்சலின் சொல் பெட்டகத்துக்குள் மாத்திரம் இருக்குமாயின், வவுனியாப் பேருந்தில் நடந்த கதை மீண்டும் நடக்கும். மின்னஞ்சல் நிறுவனம் தரும் மீட்பு இலக்கங்களையும் கூடவே குறித்து வைப்பது நன்று. சிம் அட்டை தொலைந்த நாளில் அவையே உதவும்.

தலைமையாசிரியருக்குப் புதிய சிம் அட்டை கிடைத்து, மின்னஞ்சல் திரும்பிவர மூன்று கிழமை சென்றது. இப்பொழுது அவருடைய தொலைபேசியிலும் மகள் வீட்டுக் கணனியிலும் ஒரே பெட்டகம் இருக்கிறது. காகிதத்தைக் காணி உறுதிகள் இருக்கும் தகரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாராம். அந்தப் பெட்டியின் திறப்பு எங்கே என்று கேட்டோம். அது தம் மனைவியாரிடம் இருக்கிறது என்றார்.